புத்தளக் கரையில் இரண்டு பரல் தோட்டம்

கற்பிட்டி மணலுக்கு எதையும் தன்னிடம் பிடித்துவைக்கும் பழக்கம் இல்லை. மேற்கே இந்து சமுத்திரம், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவில் ஒடுங்கி நீண்டு கிடக்கிறது தீபகற்பம். வெங்காயம், மிளகாய், பீட்ரூட் என்று அங்கே விளையாத மாதம் குறைவு. அந்த விளைச்சலுக்குப் பின்னால் இரண்டு பொருள்கள் உள்ளன: கிணற்று நீர், மூட்டை மூட்டையாக இடப்படும் உரம். செடி எடுத்துக்கொண்டது போக எஞ்சிய உரம் பாய்ச்சிய நீரோடு சேர்ந்து மணலைக் கடந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. அந்த நிலத்தடி நீரோ, கீழே கிடக்கும் உப்பு நீரின் மேல் மிதக்கும் ஒரு நன்னீர்ப் படலம். மக்கள் குடிப்பதும் அதைத்தான், மறுபடி இறைத்துத் தோட்டத்துக்கு விடுவதும் அதைத்தான்.

இந்தக் கிணறுகளில் நைட்ரேட் மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே எழுதி வருகிறார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை. கற்பிட்டியின் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் அதைத் தாண்டிவிட்டன. கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்து. குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து, குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்கவைப்பதாலும் பயனில்லை. நீர் ஆவியாகிப் போகப் போக நைட்ரேட்டின் செறிவு கூடத்தான் செய்யும்.

அதே மாவட்டத்தின் தெற்கே இன்னொரு கதை நடந்தது. சிலாபத்திலிருந்து முந்தல் வழியாகப் புத்தளம் வரை களப்புகளை இணைத்து ஓடுகிறது ஒல்லாந்தர் கால்வாய். 1980களில் இந்த நீர்வழியின் இரு கரையிலும் இறால் பண்ணைகள் பெருகின. எல்லாப் பண்ணைகளுக்கும் நீர் வந்ததும் அதே கால்வாயிலிருந்து, கழிவு நீர் போனதும் அதே கால்வாய்க்கு. ஒரு பண்ணை வெளியேற்றியதை அடுத்த பண்ணை உள்ளே இறைத்தது. 1996இல் வெண்புள்ளி வைரஸ் வந்தபோது அது பண்ணை விட்டுப் பண்ணை தாவுவதற்கு வழி ஏற்கெனவே வெட்டித் தயாராக இருந்தது. பெரும்பாலான பண்ணைகள் அந்த ஆண்டில் விழுந்தன. கடன் வாங்கிக் குளம் வெட்டிய சிறுபண்ணைக்காரர்கள் பலர் அதன்பின் எழவே இல்லை. இன்று ‘நக்டா’ என்று அழைக்கப்படும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை வலயம் வலயமாகப் பிரித்து, யார் எப்போது குஞ்சு விடலாம் என்று பயிர் நாட்காட்டி போடுவதற்கு அந்த அனுபவமே காரணம்.

கற்பிட்டிக் கிணற்றையும் சிலாபத்து இறால் குளத்தையும் கெடுத்ததில் ஓர் ஒற்றுமை உண்டு. ஊட்டம் நிறைந்த நீர், அதை உண்ணக்கூடிய வேர் எதையும் சந்திக்காமல் குடிநீருக்கோ பொதுக் கால்வாய்க்கோ போய்ச் சேர்ந்தது. அக்குவாபோனிக்ஸ் எனப்படும் மீன்–பயிர் இணைவளர்ப்பு, அந்த நீரின் பாதையில் செடியை நிறுத்துகிறது. மீன் தொட்டி நீர் கீரைப் பாத்திக்குப் போகிறது. கீரை தனக்கு வேண்டியதை எடுத்த பின் அதே நீர் மீனிடம் திரும்புகிறது. வெளியே போவது ஆவியும் அறுவடையும் மட்டுமே. புத்தளக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான தோட்டம் வேறு உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்குள் நடக்கும் வேதியியலைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. 2 கிலோ எடையுள்ள திலாப்பியா மீன்களுக்கு நாளொன்றுக்கு அவற்றின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 40 கிராம் தீனி போடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் 32 சதவீதம் புரதம் இருந்தால், ஏறத்தாழ 2 கிராம் நைதரசன் தொட்டிக்குள் போகிறது. மீன் தன் உடலில் சேர்ப்பது அதில் சிறு பங்குதான். மீதியில் பெரும்பகுதி செவுள் வழியாக அமோனியாவாக நீரில் கரைகிறது. ஒரு கிராம் கரைந்தாலே 200 லீற்றர் நீரில் லீற்றருக்கு 5 மில்லிகிராம் ஆகிவிடும். இது ஒரே நாளின் கணக்கு. லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே அமோனியாவை வைத்திருப்பதே பாதுகாப்பு என்னும்போது, இந்தத் தொட்டி விரைவிலேயே மீன்களின் புதைகுழியாகிவிடும்.

அதைத் தடுப்பவை கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இதுவும் மீனுக்கு நஞ்சுதான். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் மீனை அவ்வளவாக வருத்தாது, செடிக்கோ அது முதல்தர உணவு. கற்பிட்டித் தாய்மார் அஞ்சவேண்டிய அதே பொருள் இங்கே பசளிக் கொடியின் இலையாகிறது.

இதை ஆய்வுகூடத்துக்கு வெளியே நிரூபித்தவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் ரகோசி. கரீபியன் கடலில் நன்னீர் அரிதான சென் குரோய் தீவில், வேர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் 1980களிலிருந்து திலாப்பியாவையும் கீரைகளையும் இணைத்து வளர்த்துக் காட்டினார். பணம் இல்லாதவர்களின் கைக்கு இதைக் கொண்டுவந்தவர் டிராவிஸ் ஹியூயி என்ற அமெரிக்கர். எண்ணெயும் பழச்சாறும் வரும் பிளாஸ்டிக் பரல்களை வெட்டியே முழுத் தொகுதியையும் அமைக்கலாம் என்று காட்டி, செய்முறைக் கையேட்டையும் எல்லோருக்கும் கிடைக்கும்படி செய்தார். நிலமே இல்லாத காஸாவின் மொட்டை மாடிகளில் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் இத்தகைய தொகுதிகளை வைத்தது. 2014இல் அந்த நிறுவனம் வெளியிட்ட சிறுதொகுதிக் கையேட்டில் உள்ள அளவுகளையே உலகின் பல நாடுகளில் இன்று பின்பற்றுகிறார்கள்.

இலங்கையில் இந்த யோசனைக்கு 2021க்குப் பின் தனி அழுத்தம் வந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டு, நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஆனால் அதற்குள் வயலும் தோட்டமும் பட்ட அடி பட்டதுதான். அடுத்த ஆண்டு மரக்கறி விலை ஏறியபோது வீட்டுத்தோட்டம் என்பது பொழுதுபோக்காக இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களில் பல இன்னமும் சில பேர்ச் மணல் நிலத்தில்தான் வாழ்கின்றன. அப்படிப்பட்ட முற்றத்தில் பாத்தி கட்ட மண்ணும் இல்லை, மண்ணில் வளமும் இல்லை. ஒரு கட்டில் போடும் இடம் இருந்தால் பரல் வைக்கலாம்.

தேவை 200 லீற்றர் கொள்ளும் இரண்டு நீலப் பரல்கள். ஒன்றின் மேல்மூடியை மட்டும் வெட்டி நிமிர்த்தி வைத்தால் அது மீன் தொட்டி. மற்றதைப் படுக்கவைத்து நீளவாக்கில் சரிபாதியாக அறுத்தால் இரண்டு தொட்டில்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் நீளம், 58 சென்ரிமீற்றர் அகலம். இரண்டும் சேர்ந்து ஒரு சதுர மீற்றர் பாத்தி. நடு ஆழம் 29 சென்ரிமீற்றர். ஐ.நா. நிறுவனத்தின் கையேடு சொல்லும் பாத்தி ஆழம் 30. இலைக்கறிப் பாத்தி ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனி என்பது அதே கையேட்டின் கணக்கு. மேலே சொன்ன 2 கிலோ மீனின் 40 கிராம் தீனி அதற்குச் சரியாக வந்து பொருந்துகிறது. பரலைச் செய்தவர்கள் இதை நினைத்திருக்கவே முடியாது. ஆனாலும் அளவு இவ்வளவு இசைவாக அமைந்தது ஏழை வீட்டுக்குக் கிடைத்த பெரும் வசதி.

பாத்தியை எதால் நிரப்புவது என்பதில்தான் புத்தளக் கரையில் பலரும் சறுக்கக்கூடும். கரையில் கிடைக்கும் கல் பெரும்பாலும் முருகைக்கல் துண்டும் சிப்பியும். மாவட்டத்தின் வடக்கே அருவக்காட்டில் சீமெந்து ஆலைக்காக வெட்டுவதும் சுண்ணக்கல்தான். இவை நீரில் மெல்லக் கரைந்து பி.எச். மதிப்பை 8க்குக் கொண்டுபோகும். அது ஏன் கெடுதல்? நீரில் உள்ள அமோனியா முழுவதும் நஞ்சல்ல. 30 பாகை வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருக்கும்போது, அதில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. பி.எச். 8 ஆனால் அதே அமோனியாவில் ஏழெட்டுப் பங்கு நஞ்சாகிவிடும். செடிக்கும் கேடு. இரும்புச்சத்து நீரில் இருந்தும் வேருக்கு எட்டாது. இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக வெளிறும்.

கல்லைச் சோதிக்கச் சமையலறை போதும். ஒரு பிடி கல்லைக் கழுவி உலர்த்திக் கோப்பையில் போட்டு, மூழ்கும் வரை வினாகிரி ஊற்றிக் காதருகே பிடிக்க வேண்டும். சுண்ணம் இருந்தால் மெல்லிய சீறல் கேட்கும், கல்லின் மேல் குமிழிகள் வரிசையாக ஏறும். சத்தமும் இல்லை, குமிழியும் இல்லை என்றால் அந்தக் கல் பாத்திக்கு ஏற்றது. கருங்கல் சல்லி இந்தச் சோதனையில் தேறிவிடும். அதைவிட மலிவான ஒன்று மாவட்டத்தின் தென்பகுதியிலேயே இருக்கிறது. தங்கொட்டுவ, வைக்கால் பக்கத்து ஓட்டுச் சூளைகளில் உடைந்து ஒதுக்கப்படும் ஓடுகள். சுட்ட களிமண்ணுக்கு நீரோடு எந்த வழக்கும் இல்லை. துண்டின் நுண்துளைகளில் பக்டீரியா குடியேறவும் இடம் அதிகம். இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்கு உடைத்து, தூசி போகும்வரை கழுவிப் போட்டால் போதும். தேங்காய்மட்டைத் தூளும் இங்கே ஏராளம்தான். நாற்று போட அது நல்லது, பாத்தியை நிரப்ப அல்ல. சில மாதங்களில் மக்கிக் குழாயை அடைத்துவிடும்.

முருகைக்கல்லை அடியோடு தள்ளிவிடவும் வேண்டாம். பக்டீரியாக்கள் வேலை செய்யச் செய்ய நீர் மெல்ல அமிலமாகும். சில மாதங்களில் பி.எச். 6.5க்குக் கீழே இறங்கும்போது, சிப்பியை ஒரு வலைப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டால் அது மறுபடி ஏறும். அளவு வந்ததும் பையை எடுத்துவிடலாம்.

நீரை ஏற்றி இறக்குவது ஒரு சிறு நீர்ப்பம்பி. மீன் தொட்டியின் கொள்ளளவை மணிக்கு ஒருமுறையாவது அது சுற்றிவிட வேண்டும். பாத்தியை நிரப்பி வடிக்கும் வேலையை மின்சாரம் இல்லாமலே ஒரு மணிவடிவ வடிகுழாய் பார்த்துக்கொள்ளும். பாத்தியின் அடியில் ஓர் அங்குலக் குழாயை நிறுத்தி, அதன் மேல் தலைப்பக்கம் மூடிய பெரிய குழாயைக் கவிழ்த்து, பெரிய குழாயின் அடி விளிம்பில் சில வெட்டுகள் விட வேண்டும். நீர்மட்டம் உள்குழாயின் வாயைத் தொட்டு வழியத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் காற்று இழுபட்டு வெளியேறும். அடுத்த கணம் பாத்தி முழுவதும் ‘களக்’ என்று உறிஞ்சப்பட்டுத் தொட்டிக்குள் கொட்டும். நீர் அடி வெட்டு வரை இறங்கிக் காற்று புகுந்ததும் உறிஞ்சல் அறுந்து பாத்தி மறுபடி நிரம்பத் தொடங்கும். ஒவ்வொரு இறக்கத்திலும் வேருக்குப் புதுக்காற்று கிடைக்கிறது. ஓர் எச்சரிக்கை: இரண்டு பாத்திகளும் ஒரே நேரத்தில் நிரம்பினால் மீன் தொட்டியில் 60, 70 லீற்றர் குறைந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பும்படி நீரைப் பிரித்துவிட வேண்டும். பாரத்தையும் மறக்கக் கூடாது. கல்லும் நீருமாக ஒரு பாத்தி 200 கிலோவை நெருங்கும். பலகைக் கால் தாங்காது. சீமெந்துக் கல்லோ தென்னங்குற்றியோ வேண்டும்.

எந்தப் பரல் என்பது உயிர்ப் பிரச்சினை. உணவுப் பொருள் வந்த பரலா, அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பூச்சிமருந்து, களைநாசினி, இரசாயனம் வந்த எதையும் எத்தனை முறை கழுவினாலும் தொடக் கூடாது. தோட்டப் பகுதிகளில் அத்தகைய கான்கள் சும்மா கிடைக்கும் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாகம் பூசிய இரும்புத் தொட்டியும் செப்புக் குழாயும் மீனுக்கு ஆகாது. மீன்வாடிகளில் எறியப்படும் ரெஜிபோம் பெட்டிகள் நாற்று வளர்க்க உதவும். அவற்றை மீன் தொட்டிக்குள் போடக் கூடாது. உதிரும் வெள்ளை மணிகளை மீன் கொத்தி விழுங்கிவிடும்.

உப்பு இன்னொரு சோதனை. தொகுதியிலிருந்து நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு நீர் குறையும். மே முதல் செப்டெம்பர் வரை கற்பிட்டியில் வீசும் சோளகக் காற்றில் அது கூடும். ஆவியாவது நீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். சற்றே உவர்ப்பான கிணற்று நீரால் தினமும் ஈடுசெய்தால், சில மாதங்களில் திலாப்பியா தாங்கும், கீரை தாங்காது. கூரையிலிருந்து மழைநீர் பிடிக்க ஒரு பரலை ஒதுக்குவதே இதற்கு மருந்து. கிணறு முற்றிலும் உவர்ந்துவிட்ட வீடுகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. களப்போரச் சேற்றில் தானாக வளரும் உமரி உவர் நீரிலேயே வளரும், உண்ணவும் ஏற்றது.

வெயிலுக்குக் கிடுகு போதும். தொட்டியின் மேல் கிடுகுப் பந்தல் போட்டால் நீர் சூடாகாது, பாசியும் பிடிக்காது. மின்வெட்டு அப்படி எளிதான எதிரி அல்ல. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் காற்றோட்டம் சில மணிநேரம் நின்றாலே மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். பற்றரியில் ஓடும் சிறு காற்றுப்பம்பி ஒன்றைத் தொடக்கத்திலேயே வாங்கிவிட வேண்டும். மீன் எண்ணிக்கையைப் பத்துக்குள் நிறுத்துவது அதைவிட நல்ல காப்பு.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாசலுக்கு வந்தால் என்ன சொல்வது? 2017இல் இலங்கையில் ஒன்றே முக்கால் இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். மீன் இருக்கும் தொட்டியில் குடம்பி தப்பாது. பாத்தியில் நீர்மட்டம் கல்லின் மேற்பரப்புக்கு ஐந்து சென்ரிமீற்றர் கீழேயே நிற்பதால் அங்கும் முட்டையிட இடமில்லை. மூடாமல் விட்ட மழைநீர்ப் பரலும் மூலையில் கிடக்கும் வெற்றுப் பரலுமே ஆபத்து. வலை போட்டு மூட வேண்டும், அல்லது கவிழ்த்து வைக்க வேண்டும்.

தொகுதி கட்டி முடிந்ததும் மீனை நிறைக்க அவசரப்படுபவர்கள் முதல் வாரத்திலேயே செத்த மீனை அள்ளுவார்கள். பக்டீரியாக்கள் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று மீன், ஒரு சிட்டிகைத் தீனி, அடிக்கடி அமோனியாச் சோதனை. அமோனியா ஏறி இறங்கி, நைட்ரைட் ஏறி இறங்கி, நைட்ரேட் தலைகாட்டிய பின்தான் மற்ற மீன்கள். முதலில் கங்குன், பொன்னாங்காணி, பசளி போன்றவற்றை வைப்பது நல்லது. தக்காளியும் மிளகாயும் அதிக ஊட்டம் கேட்பவை, தொகுதி முதிர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

இதனால் குடும்பம் நடத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பத்து மீன் ஆண்டுக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தேறுவது கடினம். கடல் மீன் வாசலுக்கு வரும் கரையில் திலாப்பியாவை யாரும் ஆசைப்பட்டுத் தேடப் போவதில்லை. இங்கே மீனின் முதல் வேலை உரம் தயாரிப்பது, கறிச்சட்டிக்கு வருவது பிறகு. கிடைக்கும் பயன் கீரைதான். பூச்சிமருந்து அடித்தால் மீன் சாகும் என்பதால் மருந்து படாமல் வளர்ந்த கீரை, ஒரு குடும்பத்துக்கு வாரத்தில் சில நாள் சுண்டலுக்கும் வறைக்கும் வரும். ஒரு சதுர மீற்றர் மணலுக்கு அது நல்ல கணக்கு. பிரதேச சபைகளும் பாடசாலைகளும் ஆளுக்கொரு மாதிரித் தொகுதி வைத்துக் காட்டினால், மாவட்டத்தின் பிள்ளைகள் நைதரசன் வட்டத்தைப் படத்தில் மனப்பாடம் செய்யாமல் கண்ணால் பார்ப்பார்கள்.

தொடங்க நினைப்பவர்கள் முதல் செலவை மீனுக்கும் பம்பிக்கும் செய்ய வேண்டாம். உங்கள் கிணற்று நீரை ஒரு போத்தலில் எடுத்துப் போய், நைட்ரேட்டும் உப்பும் எவ்வளவு என்று ஆய்வுகூடத்தில் சோதித்து வாருங்கள். உப்புக் குறைவாக, நைட்ரேட் மட்டும் வரம்பைத் தாண்டி இருந்தால் அந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைக்காதீர்கள். பரலுக்கு அதைத் தாராளமாக ஊற்றலாம். கிணற்றில் காணும் அந்த அளவு திலாப்பியாவுக்குத் தீங்கு செய்யாது, கீரைக்கோ அது உரம்.